விமானத்திலிருந்து செம்பனை ஆலைக்கு

"சாப்பாடு, தண்ணி கொடுக்குற வேலைதானே?" விமானத்தில் பயணிகள் சேவையில் இருந்த என்னிடம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஏறி இறங்கிய நேர்முகத் தேர்வுகளில் எல்லாம் இதே கேள்வி. சிரித்தபடி பதில் சொல்லத்தான் எங்களுக்குப் பயிற்சி ஆச்சே!

வழியைத் திறந்தது மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த ஒரு திருத்தம். 2024 ஜூன் 1 முதல், 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். அதற்கான பயிற்சியை முடித்தேன். பிறகு ரெசுமேயில் 'பயணிகள் சேவை'யைக் கீழே தள்ளிவிட்டு, 90 வினாடிக்குள் விமானத்தைக் காலி செய்யும் பயிற்சி, இதயம் நின்றவருக்குச் செய்யும் சிபிஆர் முதலுதவி, தீயணைப்பு எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன். அடுத்த நேர்முகத்தில் தண்ணிப் பேச்சே எழவில்லை.

இப்போது செம்பனை எண்ணெய் ஆலையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் நான். பாய்லர் பக்கம் காதடைப்பான் இல்லாமல் நிற்பவரிடம், சீட் பெல்ட் போடச் சொன்ன அதே குரலில், "அண்ணே, மாட்டிக்கிட்டு நில்லுங்க" என்பேன். முணுமுணுத்துக்கொண்டே மாட்டுவார். சம்பளம் குறைவுதான், பறக்கும் அலவன்ஸ் இங்கே ஏது?