வக்கீலிடம் கொடுத்தாச்சு, இனி என்ன என்று இருந்துவிடாதீர்கள்

பாரிமுனை கோர்ட்டுகளில் நல்ல வழக்கு சட்டத்தில் தோற்பதில்லை, தேதியில் தோற்கும். "வக்கீல் பார்த்துக்குவார்" என்று கட்சிக்காரரும், "பார்ட்டியே வந்து சொல்லட்டும்" என்று வக்கீலும் இருப்பதற்குள் கெடு முடிந்துவிடுகிறது.

அதிகம் அடிபடுவது செக் கேஸ்தான். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருப்பவருக்கு வந்த இரண்டு லட்ச ரூபாய் செக் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொடுத்தவர் பழகிய ஆள். "ஆடித் தள்ளுபடி முடியட்டும் அண்ணே, செட்டில் பண்ணிடறேன்" என்கிறார். அண்ணனும் நம்பிக் காத்திருக்கிறார். ஆனால் பேங்க் மெமோ (செக் திரும்பியதாக பேங்க் தரும் சீட்டு) கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போயாக வேண்டும். அது கிடைத்த பிறகு பணம் கட்ட அவருக்கு 15 நாள். கட்டாவிட்டால் அடுத்த 1 மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் தாமதமானால் தக்க காரணம் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், கோர்ட் மன்னிக்க வழி உண்டு. நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழியே கிடையாது.

30 நாள் போய்விட்டதா? செக் தேதியிலிருந்து 3 மாதம் முடியவில்லை என்றால் மறுபடி பேங்கில் போடுங்கள். திரும்பினால் புது மெமோ, புதிதாக 30 நாள். இப்படிச் செய்து வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லிவிட்டது. அதுவும் தாண்டினால் சிவில் சூட்தான். அதற்குப் பொதுவாக 3 ஆண்டு கெடு, கோர்ட் ஃபீஸ் வேறு.

நோட்டீஸில் செக் தொகையை அப்படியே கேளுங்கள். வட்டியையும் செலவையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதினால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். வட்டி கேட்பதென்றால் தனி வரியில் கேட்கலாம். "கதவு பூட்டியிருந்தது" என்று தபால்காரர் எழுதித் திரும்பி வந்த கவரைக் கிழித்துப் பார்க்காதீர்கள். பிரிக்காமல் அப்படியே கேஸ் கட்டில் போக வேண்டிய சாட்சி அது.

வழக்கு உங்கள் மேல் என்றால் விலாசம் முக்கியம். ராயபுரத்திலிருந்து மணலிக்கு வீடு மாறியவருக்கு சம்மன் பழைய வீட்டுக்கே போகும், இங்கே அவர் வராமலே எக்ஸ்பார்ட்டி (ஒருதலை) தீர்ப்பு ஆகியிருக்கும். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு. சம்மனே கைக்கு வந்தால் பேசாமல் இருக்க வேண்டாம். பதிலுரை தாக்கல் செய்யவும் 30 நாள்தான், கோர்ட் அனுமதித்தால் 90 வரை போகும்.

வாய்தா தேதிக்காகக் குமாஸ்தாவுக்குத் தினம் போன் போடத் தேவையில்லை. வழக்கு பதிவானதும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்) கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சில வக்கீல்களுக்கு இது பிடிக்காது. என்னைக் கேட்டால், கேட்டு வாங்கியே ஆக வேண்டும்.

மூலப் பத்திரத்தை ஒப்படைத்தால் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், அவசரம் என்று யார் சொன்னாலும் சரி.

ஃபீஸ் விஷயத்தில் இரு பக்கமும் சறுக்குகிறார்கள். "ஜெயிச்சா இத்தனை சதவீதம்" என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைக்கவும் வக்கீலுக்கு உரிமையில்லை, 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்த சங்கதி. அதற்காகப் பழைய வக்கீலிடம் சொல்லாமல் வேறொருவருக்கு வக்காலத்து போட்டுக் கொடுத்தாலும் சிக்கல்தான். ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் கோர்ட் அனுமதி கேட்கலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் வட்டிக்கு வாங்கும் முன் சட்ட உதவி எண் 15100-க்கு போன் செய்து பாருங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், எண்ணூர் மணலி பக்கம் உள்ள ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.