350 என்று சொன்னால் 350 ஆகிவிடாது

என்னிடம் 1972 ஷெவர்லே ஷெவெல் கார் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் டர்போ ஹைட்ராமேட்டிக் 350. இன்னொன்றை ஸ்பேராக வாங்கி வைக்கலாம் என்று ஹூஸ்டனைச் சுற்றியுள்ள காயலான் கடைகளில் அலைந்தேன். "350 பாக்ஸ்தான்" என்று ஒருவர் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அடியில் அப்பியிருந்த எண்ணெய்ச் சேற்றைச் சுரண்டினால், ஆயில் பேனில், அதாவது அடியில் எண்ணெய் தேங்கும் தட்டில், ‘மெட்ரிக்’ என்று அச்சு! அது டர்போ ஹைட்ராமேட்டிக் 200. எடையைக் குறைக்க 1976-ல் கொண்டுவந்த நோஞ்சான். விற்றவர் பொய் சொன்னார் என்றுகூடத் தோன்றவில்லை. 350 கன அங்குல இன்ஜினோடு வந்ததால் கியர்பாக்ஸும் 350 என்று நினைத்திருப்பார். இரண்டு 350-க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அதனால் பழைய துணி, சுரண்டி, டேப், டார்ச் இல்லாமல் கிளம்பாதீர்கள். முதலில் பேனைத் துடைத்து போல்ட்டுகளை எண்ணுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலால் தடவி எண்ணலாம். 200-க்கு 11, ஷெவர்லேயின் இன்னொரு ஆட்டோமேட்டிக்கான பவர்கிளைடுக்கு 14, நாலு கியர் 700ஆர்4 பாக்ஸுக்கு 16. நமக்கு வேண்டிய 350-க்கு 13. ஆனால் அதே டர்போ ஹைட்ராமேட்டிக் வரிசையில் வந்த 400-க்கும் 13தான்! அங்கே வடிவம்தான் காட்டிக்கொடுக்கும். 350-இன் பேன் சதுரம், ஒரு மூலை மட்டும் வெட்டியதுபோல இருக்கும். 400-இன் பேன் கோணல்மாணலாக இருக்கும். அப்புறம், 350-ல் வேக்யூம் மாடுலேட்டர் என்ற வட்டமான தகர டப்பா வலப்பக்கம் பின்கோடியில் நிற்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் கியரைக் குறைக்கும் கிக்டவுனுக்கு கேபிள் வரும். 400-ல் கிக்டவுன் மின்சாரத்தில் வேலை செய்யும், கேபிள் இருக்காது.

சரி, 350-இன் சாயலிலேயே இரண்டு உண்டு. பக்கவாட்டில் லாக்நட்டோடு, உள்ளே டிரம்மை இறுக்கிப் பிடிக்கும் பேண்டைச் சரிசெய்யும் திருகு இருந்தால் அது 250. இடப்பக்கம் ஒயர் பிளக் இருந்தால் பிற்கால லாக்அப் வகை 350சி. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

இன்ஜினோடு சேரும் மணி வடிவ முகப்பைப் பாருங்கள். உச்சியில் நடுவே ‘வி’ போலப் பள்ளம் இருந்தால் அது பியூக், ஓல்ட்ஸ்மொபைல், பான்டியாக் கார்களுக்கான வகை. ஷெவர்லே இன்ஜினில் போல்ட் ஓட்டைகள் பொருந்தாது. பின்வால் பகுதி மூன்று நீளங்களில் வந்தது. உங்கள் வண்டியில் இருப்பதை முன்பே டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நான் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போய், வியர்வையில் அழித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

கடைசியாக ஆயில். சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் போய்விட்டன என்று அர்த்தம். ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பேனைக் கழற்ற விட்டால் அடியில் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு கொஞ்சம் இருப்பது சகஜம். பித்தளைப் பொடி மின்னினால் அப்படியே மூடிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போங்கள்.

வாங்கியாச்சா? இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் முன்னால் நழுவி விழாதபடி குறுக்கே ஒரு பட்டி கட்டுங்கள். ஆயில் நிரம்பிய அந்த இரும்புப் பூசணிக்காய் காலில் விழுந்தால் ஷெவெல் இன்னும் ஒரு மாதம் ஷெட்டில்தான் நிற்கும்.