எஸ்எஸ்பி-க்குத் தயாராகிறவர்கள் போரைப் பற்றிப் பேசும்போது செய்யும் தவறுகள்

குன்னூரில் எஸ்எஸ்பி என்னும் ராணுவ அதிகாரி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் குழு விவாதத்துக்குத் தயார் செய்வது என் சாயங்கால வேலை. அந்த வயதில் நாங்கள் உளறியதையே புதிதாக வரும் ஒவ்வொரு கூட்டமும் உளறுகிறது. ஆண்டை மாற்றிச் சொல்வது, நேட்டோவில் யார் யார் என்று குழம்புவது எல்லாம் படித்தால் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள்.

பீரங்கியை எண்ணிவிட்டுக் குண்டை மறப்பது

நோட்டில் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு. டாங்கி இத்தனை, விமானம் இத்தனை, பீரங்கி இத்தனை. கூட்டல் போட்டு முடித்ததும், "சார், இவங்கதான் ஜெயிப்பாங்க." இத்தனை காலம் ஆகியும் எனக்கு எரிச்சல் அடங்காதது இதில்தான். டிவி விவாதங்களிலும் இதே பட்டியல்தான், கொஞ்சம் வண்ணத்தோடு.

உக்ரைன் போரைப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் அமெரிக்கா 155 மி.மீ. பீரங்கிக் குண்டுகளை மாதத்துக்குச் சுமார் 14,000 தான் செய்துகொண்டிருந்தது. சண்டை சூடுபிடித்தால் சில நாட்களில் சுட்டுத் தீர்க்கும் அளவு அது. 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஓராண்டுக்குள் உக்ரைனுக்கு 10 லட்சம் குண்டு தருவதாகச் சொன்னது. கெடு முடிந்தபோது பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. காசு இருந்தும் குண்டுக்கான வெடிமருந்து கிடைக்கவில்லை, முக்கியமாக நைட்ரோசெல்லுலோஸ். பருத்திக் கொட்டையில் ஒட்டி நிற்கும் குட்டைப் பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்வது அது. அந்தப் பஞ்சுக்கு ஐரோப்பா பெரும்பாலும் சீனாவை நம்பியிருந்தது.

நம் கதைக்கு வருவோம். தீவிரப் போர் என்றால் 40 நாளுக்கு இருப்பு வேண்டும் என்பது ராணுவத்தின் கணக்கு. பல வகைக் குண்டுகள் 10 நாளுக்குக்கூடப் போதாது என்று 2017-ல் அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி-யின் அறிக்கை சொன்னது. எந்த நோட்டிலும் இது இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பாதிப் பேர் கேத்தியிலிருந்து அருவங்காடு வழியாகத்தான் பஸ்ஸில் வருகிறார்கள். குண்டைக் குழாயிலிருந்து தள்ளும் மருந்தை நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்துவரும் கார்டைட் ஃபேக்டரி அங்கே இருக்கிறது. "அப்பாவுக்கு அங்கதான் சார் வேலை" என்ற பிள்ளையின் பட்டியலிலும் டாங்கி, விமானம், பீரங்கி!

ட்ரோன் வந்ததும் பீரங்கி செத்துவிட்டது என்பது

சாகவில்லை. ட்ரோன் பார்த்துச் சொல்கிறது, பீரங்கி அடிக்கிறது.

மலையை உயரமாக மட்டும் பார்ப்பது

1999 கார்கில் போரில் தோலோலிங் சிகரத்துக்காக ஏன் அவ்வளவு உயிர் போனது என்று கேட்டால், "உயரமான இடம் சார்" என்கிறார்கள். சரி, கீழே என்ன இருக்கிறது? ஸ்ரீநகர்–லே சாலை. மேலே உட்கார்ந்தவன் லாரியைப் பார்த்துப் பார்த்து அடிக்கலாம். மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் நமக்குக் கோத்தகிரி வழி இருக்கிறது. லே-வுக்கு மணாலி வழி உண்டு, ஆனால் குளிர்காலத்தில் அதுவும் அடைபட்டுவிடும். கோடையிலேயே அரிசி முதல் குண்டு வரை ஏற்றி வைத்தாக வேண்டும். அந்தக் கோடையில்தான் ஊடுருவியவர்கள் மேலே இருந்தார்கள்.

"ஒரு வாரத்தில் முடிந்துவிடும்"

தேதி சொல்லாதீர்கள்.