லார்ஜ்மவுத் பாஸுக்கு முதல் செட்: எந்த ராடு, எந்த நரம்பு, எந்த லூர்?

லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்கத் தொடங்குகிறவர்களை முதலில் குழப்புவது லூர் எனும் செயற்கை இரைதான். நூற்றுக்கணக்கான நிறம், பத்துப் பதினைந்து வடிவம், ஒவ்வொன்றிலும் நாலைந்து எடை. நிறத்தைப் பார்த்து வாங்கத் தொடங்கினால் பெட்டி நிறையும், மீன் கிடைக்காது. மீன் எதை ஒட்டி நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள், அடுத்து ஆழம். நிறம் கடைசியில் வரட்டும். இந்த வரிசையில் யோசித்தால் ஒரு ராடும் (தூண்டில் கோல்) நரம்பைச் சுற்றும் ஒரு ரீலும் நான்கு வகை லூரும் ஒரு பருவம் முழுக்கத் தாங்கும்.

மீன் எப்படித் தின்கிறது?

வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியைச் சேர்ந்த நன்னீர் மீன் இது. வளர்ந்த மீனின் மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் நீளும். இரையை நெடுந்தூரம் துரத்தாது. நீர்ப்பாசி, விழுந்து கிடக்கும் மரம், படகுத்துறைக் கால், பாறை என்று ஏதாவது ஒரு மறைவை ஒட்டிக் காத்திருக்கும். இரை அருகே வந்ததும் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். பிடிக்காததை அதே வேகத்தில் துப்பியும் விடும்.

ஆகவே லூர் மறைவை உரசிக்கொண்டு போக வேண்டும், ஆனால் சிக்கக் கூடாது. மீன் உறிஞ்சிய அந்த நொடி உங்கள் கைக்கோ கண்ணுக்கோ தெரிந்தாக வேண்டும். கீழே சொல்லும் எல்லாத் தேர்வுக்கும் இந்த இரண்டுதான் காரணம்.

படி 1: ராடும் ரீலும்

6 அடி 6 அங்குலம் முதல் 7 அடி வரை நீளமுள்ள ஸ்பின்னிங் ராடு, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். பவர் என்றால் ராடு வளைய எவ்வளவு பாரம் வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்றால் எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் ராடு நுனிப் பகுதியில்தான் வளையும். அதனால் லூர் கல்லைத் தொட்டாலும் கைக்குத் தெரியும், தூண்டில் முள்ளும் மீன் வாயில் வேகமாக ஏறும். கைப்பிடிக்கு மேலே நரம்பின் பலத்தைப் பவுண்டிலும் லூரின் எடையை அவுன்ஸிலும் அச்சிட்டிருப்பார்கள். 3/16 முதல் 5/8 அவுன்ஸ் வரை (சுமார் 5 முதல் 18 கிராம்) தாங்குகிற ராடு இந்தக் கட்டுரையில் வரும் எல்லா லூருக்கும் போதும்.

ரீல் 2500 அல்லது 3000 அளவு, கியர் விகிதம் 6:1ஐ ஒட்டி இருக்கட்டும். எத்தனை பேரிங் என்ற எண்ணை விட்டுவிடுங்கள். மீன் இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் டிராக் தடுமாறாமல் ஒரே சீராக நழுவுகிறதா என்று மட்டும் இழுத்துப் பாருங்கள்.

ஸ்பூல் எனும் நரம்பு உருளையே சுழன்று நரம்பை விடும் பெய்ட்காஸ்டிங் ரீலை இப்போதே வாங்க வேண்டாம். லூர் பறக்கும் வேகத்தைவிட ஸ்பூல் வேகமாகச் சுற்றினால் நரம்பு பறவைக் கூடு மாதிரிச் சிக்கிக்கொள்ளும். கட்டைவிரலால் அதை அடக்கப் பழகுவதற்குள் பாதி நாள் சிக்கு எடுப்பதிலேயே போய்விடும்.

படி 2: நரம்பு

மூன்று வகை உண்டு. மோனோ என்ற ஒற்றை இழை நரம்பு இழுபடும், மெல்லத்தான் மூழ்கும், முடிச்சு போடுவது எளிது. ஃப்ளூரோகார்பன் வேகமாக மூழ்கும், கல்லில் உரசினாலும் தாங்கும், ஆனால் விறைப்பானது. பிரெய்டு என்ற பின்னல் நரம்பு ஏறக்குறைய இழுபடவே இழுபடாது, தொடுகையை அப்படியே கைக்குக் கடத்தும். ஆனால் வெறும் ஸ்பூலில் வழுக்கும், அடியில் கொஞ்சம் மோனோ சுற்றியாக வேண்டும். புதியவருக்கு 8 அல்லது 10 பவுண்டு மோனோ என்பதே எங்கள் முடிவான கருத்து. இழுவிசையில் தவறு செய்தாலும் மோனோவின் நெகிழ்வு மன்னித்துவிடும்.

சுற்றும் விதத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்:

1. நரம்பை நுனி வளையத்திலிருந்து கீழ்நோக்கி எல்லா வளையங்களிலும் கோத்து வாருங்கள். ரீலின் வளைகம்பியை (நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் மடக்குக் கம்பி) திறந்த பிறகுதான் ஸ்பூலில் கட்ட வேண்டும். மூடியபடி கட்டினால் மறுபடி அவிழ்க்க நேரும்.
2. நரம்புச் சுருளைத் தரையில் படுக்க வையுங்கள், லேபிள் மேலே பார்க்கட்டும்.
3. நரம்பை ஈரத்துணியால் லேசாகப் பிடித்துக்கொண்டு 15 சுற்று சுற்றி நிறுத்துங்கள். ராடைச் சுருளை நோக்கித் தாழ்த்தித் தளர விடுங்கள். நரம்பு தானாக முறுக்கிக்கொண்டால் சுருளைத் திருப்பிப் போட்டுத் தொடருங்கள்.
4. ஸ்பூல் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் இருக்கும்போது நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் வளையம் வளையமாக உதிரும். குறைவாகச் சுற்றினால் வீச்சு தூரம் குறையும்.

ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் வளைகம்பியைக் கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் தளர்ந்த நரம்பு ஸ்பூலில் ஏறி, அடுத்த வீச்சில் சிக்காக வெளிவரும்.

டிராக், நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. 10 பவுண்டு நரம்புக்கு இரண்டரை முதல் மூன்று பவுண்டு. கொக்கித் தராசில் நரம்பைக் கட்டி இழுத்தால் அளவு தெரிந்துவிடும்.

முடிச்சுக்குப் பாலோமர் ஒன்று போதும். 15 சென்டிமீட்டர் நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழையுங்கள். அந்த இரட்டை நரம்பாலேயே தளர்வாக ஒரு சாதா முடிச்சு போட்டு, நுனியில் இருக்கும் வளையத்துக்குள் முள்ளை முழுதாக நுழைத்தெடுங்கள். எச்சிலால் நனைத்த பிறகே இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உரசல் சூட்டில் நரம்பு பலம் இழக்கும். மீன் அறுத்துக்கொண்டு போனதாகச் சொல்லப்படும் பல சம்பவங்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

படி 3: முதல் லூர், ரப்பர் புழு

ஒரே ஒரு லூர்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். 5 முதல் 7 அங்குல மென்பிளாஸ்டிக் புழு, 3/0 அளவு ஆஃப்செட் முள் (காதுக்கு அருகே படிபோல் மடிந்த முள்), 3/16 அவுன்ஸ் தோட்டா வடிவ எடை. இவை மூன்றையும் சேர்த்துக் கோப்பதற்கு டெக்சாஸ் ரிக் என்று பெயர். முள்நுனி புழுவுக்குள் மறைந்திருப்பதால் பாசிக்குள்ளும் கிளைகளுக்குள்ளும் துணிந்து வீசலாம்.

1. எடையை, கூரிய முனை ராடைப் பார்க்கும்படி நரம்பில் கோத்துவிடுங்கள். பிறகு முள்ளைக் கட்டுங்கள்.
2. முள்நுனியைப் புழுவின் தலையில் நட்ட நடுவே 6 மில்லிமீட்டர் இறக்கிப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள்.
3. முள்ளின் காது தலைக்குள் மறையும் வரை புழுவை மேலே தள்ளி, முள்நுனி புழுவைப் பார்க்கும்படி திருப்புங்கள்.
4. புழுவை முள்ளோடு சேர்த்துத் தொங்கவிட்டு, வளைவு எந்த இடத்தில் படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் குத்தி மறுபக்கம் வெளியே எடுங்கள்.
5. வெளிவந்த நுனியைப் புழுவின் மேல்தோலில் மெல்லச் செருகுங்கள்.

முடிந்ததும் புழு கோடு போட்டதுபோல் நேராகத் தொங்க வேண்டும். நான்காவது படியில் இடம் தவறினால் புழு கூன் விழும். கூன் விழுந்த புழு தண்ணீரில் சுழலும், நரம்பை முறுக்கும், மீனும் சீண்டாது. கழற்றி மறுபடி கோத்துக்கொள்ளுங்கள், அப்படியே வீசாதீர்கள்.

எடையில் ஒரே விதி: அடித்தரை கைக்குத் தெரிகிற மிகக் குறைந்த எடை. 2 மீட்டர் ஆழத்துக்குள் 1/8 அல்லது 3/16 அவுன்ஸ், ஆழமும் காற்றும் கூடினால் 1/4 அல்லது 3/8. அடர்ந்த பாசியில் எடை மட்டும் முன்னால் நழுவிப் புழு பின்தங்கும். எடையின் துளையில் பல்குச்சி நுனியைச் செருகி ஒடித்துவிட்டால் இரண்டும் ஒன்றாக இறங்கும்.

வீசியதும் சுற்ற ஆரம்பிக்காதீர்கள். புழு இறங்கும்போதுதான் மீன் பெரும்பாலும் எடுக்கும். நரம்பை லேசாகத் தளர்த்தி, அது தண்ணீரைத் தொடும் இடத்தையே பாருங்கள். துள்ளினாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ, தரை வருமுன் இறங்குவது நின்றாலோ மீன் வாயில் இருக்கிறது. ராடைத் தாழ்த்தி, தளர்வைச் சுற்றியெடுத்து, ஒரே வீச்சில் மேலே இழுங்கள். எதுவும் நடக்காவிட்டால் நுனியைக் கடிகாரத்தின் 9 மணியிலிருந்து 11 மணிக்குத் தூக்கி மறுபடி இறங்க விடுங்கள். மெதுவாகச் செய்கிறோமோ என்று தோன்றினால் இன்னும் மெதுவாகச் செய்யுங்கள்.

படி 4: மற்ற மூன்று

*ஸ்பின்னர்பெய்ட், 3/8 அவுன்ஸ், வெள்ளை.* வளைந்த கம்பியில் சுழலும் தகடு மாட்டிய லூர், பெரிய பரப்பை விரைவாக அலசிப் பார்க்க இது. வில்லோ இலை வடிவத் தகடு மின்னும், தெளிந்த நீருக்கும் பாசி விளிம்புக்கும் ஏற்றது. வட்டமான கொலராடோ தகடு தண்ணீரை அதிர வைக்கும், அந்த அதிர்வை மீன் தன் பக்கவாட்டுக் கோட்டால் உணர்வதால் கலங்கல் நீருக்கு அதுவே சரி. லூர் ஒருபக்கம் சாய்ந்து வந்தால் மேல்கம்பி கோணியிருக்கிறது என்று பொருள். முள்ளுக்கு நேர் மேலே வரும்படி வளைத்து விடுங்கள்.

*சதுர அலகுள்ள கிராங்க்பெய்ட்.* மூக்கில் அலகுபோல் தகடு நீட்டிய கடின லூர், ஒன்று, ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு. அலகு மரத்திலோ கல்லிலோ முட்டித் திசைமாறும் கணத்தில்தான் பாஸ் பாயும், ஆகவே வேண்டுமென்றே முட்ட விடுங்கள். மூன்று முனை கொண்ட முள் பாசியை அள்ளும் என்பதால் பாசிக்குள் மட்டும் வேண்டாம். லூரின் மூக்கை உங்களை நோக்கி வைத்து இழுக்கும்போது இடப்பக்கம் ஓடினால், நரம்பு கட்டும் வளையத்தைக் குறடால் மயிரிழை வலப்பக்கம் வளைத்தால் நேராகும்.

*பாப்பர்.* மிதந்தபடி நீரைச் சிதறடிக்கும் லூர், விடியலிலும் அந்தியிலும், அலையில்லாத மேற்பரப்பில். விழுந்ததும் வட்ட அலைகள் அடங்கும்வரை காத்திருந்து ஒரு சுண்டு, பிறகு நிறுத்தம். நீர் சிதறியதும் வெட்டி இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு, லூர் மீன் வாயிலிருந்தே பறந்து வரும். ராடில் பாரம் தெரிந்த பிறகு இழுங்கள். இதற்கு ஃப்ளூரோகார்பன் ஆகாது, மூழ்கி லூரின் மூக்கைக் கீழே இழுக்கும்.

தண்ணீரை மூடிய பாசிப் படுகைக்கு ரப்பர் தவளை உண்டு. அதற்கு 50 பவுண்டு பிரெய்டும் ஹெவி பவர் ராடும் வேண்டும். மீடியம் ராடால் மீனைப் பாசியிலிருந்து பிடுங்க முடியாது, அது அடுத்த செட்.

நிறமும் வெப்பமும்

தெளிந்த நீரில் க்ரீன் பம்ப்கின் எனப்படும் பழுப்புப் பச்சைப் புழு, கலங்கலில் கறுப்பும் நீலமும். சிறு மீன் கூட்டம் தெரிந்தால் வெள்ளை அல்லது வெள்ளி. இதற்கு மேல் முதல் வருடம் தேவையில்லை.

நீர் 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது இவை கரையோர ஆழமற்ற பகுதியில் முட்டையிடும். 10 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும், சிறிய லூரை மிக மெதுவாக நகர்த்த வேண்டும்.

கரையில் கவனிக்க

நீள்மூக்குக் குறடு, நரம்பு வெட்டி, முள்ளை வெட்டும் கட்டர், போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம். அமெரிக்காவில் உரிமமும் பிடிக்கும் அளவு வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில மாநிலங்களில் சிறு ஈய எடைகளுக்கே தடை. போகுமுன் பார்த்துவிடுங்கள்.

மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்து நேர்குத்தாகத் தூக்குங்கள். பெரிய மீனைக் கிடைமட்டமாகத் தூக்குவதானால் மறுகை வயிற்றைத் தாங்கட்டும், தாடையில் மட்டும் பாரம் விழுந்தால் அது சேதமாகும்.

ரப்பர் புழுக்களை அவற்றின் பையிலேயே வையுங்கள். கடின லூர்களோடு சேர்ந்து கிடந்தால் பெயின்ட் உருகி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பாஸின் பற்கள் உப்புத்தாள் போன்றவை. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நரம்பின் கடைசி அரை மீட்டரை விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அவ்வளவையும் வெட்டியெறிந்து புதிதாக முடிச்சு போடுங்கள்.