பறவைக் காய்ச்சல்: பயப்பட வேண்டியது குழம்புக்கு அல்ல

கேரளத்தில் வாத்துகள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன என்று டிவியில் ஓடினால், மறுநாளே நம்மூர்க் கறிக்கடைகள் காற்றாடும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 இந்தியாவில் முதல்முறையாகப் பரவியது உறுதியானபோதும் இப்படித்தான். நோய் ஒரு மூலையில் இருக்க, நாடு முழுக்கக் கோழி விலை சரிந்தது. ஆனால் கறியை ஒதுக்கும் அதே வீட்டில், வாசலில் செத்துக் கிடக்கும் காக்கையைக் காலால் தள்ளிவிட்டு, செருப்போடு உள்ளே வருவார்கள்.

இந்த வைரஸ் மனிதருக்குள் நுழையும் வழி பெரும்பாலும் கண், மூக்கு, வாய். நோயுற்ற பறவையைத் தூக்கியவர், அறுத்தவர், இறகு பிடுங்கியவர், எச்சத்தைக் கூட்டியவர் ஆகியோருக்குத்தான் ஆபத்து. நன்றாக வெந்த கறி யாரையும் தாக்குவதில்லை. ஆனால் இதை லேசாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. 2003 முதல் உலகெங்கும் எச்5என்1 உறுதியான 900-க்கும் மேற்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துவிட்டார்கள்.

முதலில் செய்தியைச் சலியுங்கள்

எந்த ஊர், எந்தப் பறவை, போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் உறுதி செய்துவிட்டதா, இல்லை வெறும் சந்தேகமா? இந்த மூன்றும் இல்லாத வாட்ஸ்அப் செய்தியை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம். படத்தில் இருப்பது பழைய பரவலாகவும் இருக்கலாம், கோடையில் ஊரெல்லாம் கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சலாகவும் இருக்கலாம்.

அடுத்தது தூரம். நோய் உறுதியான இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்துகளை அரசு அழிக்கும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. உங்கள் வீடு அந்த வட்டத்துக்கு வெளியே என்றால், உங்கள் தெருக் கறிக்கடையை ஒதுக்க ஒரு காரணமும் இல்லை.

அடுப்படியில்

கறியின் உட்பகுதி எங்கும் 70 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வைரஸ் செத்துவிடும். கொதிக்கும் குழம்பும் குக்கரும் இதை எளிதில் தாண்டும். கோட்டை விடுவது கிரில், தந்தூரி, தடித்த தொடைத் துண்டு ஆகியவற்றில்தான். வெளியே கருகியிருக்கும், எலும்போரம் ரோஸ் நிறத்தில் நீர் கசியும். அப்படி இருந்தால் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். மஞ்சளும் எலுமிச்சையும் தயிரும் ருசிக்கு, கிருமிக்கு அல்ல. ஃப்ரீசரில் வைத்தாலும் வைரஸ் சாகாது, குளிர் அதைக் காப்பாற்றத்தான் செய்யும்.

முட்டையில் மஞ்சள் கரு இறுகும்வரை வேகவிடுங்கள். பரவல் நடக்கும் வட்டாரத்தில் ஆஃப்பாயிலும் கலக்கியும் கொஞ்ச நாள் வேண்டாம். உடம்பு ஏற்றவோ தொண்டைக்கென்றோ பச்சை முட்டை குடிப்பவர்கள் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

பச்சைக் கறியைக் குழாயடியில் பலமாகக் கழுவுவது நம் பழக்கம். தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி மேலும் தட்டு மேலும் படும். கழுவியே ஆக வேண்டுமென்றால் ஆழமான பாத்திரத்தில் நீர் ஊற்றி மெதுவாக அலசுங்கள். கறி வெட்டிய பலகையிலேயே தயிர்ப்பச்சடிக்கு வெங்காயம் நறுக்குவதுதான் மிகப் பெரிய தவறு; வெங்காயம் வேகப்போவதில்லை. கறி தொட்ட கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். உயிர்க்கோழியை வாங்கி வீட்டில் அறுப்பதை மட்டும் அந்த நாட்களில் தவிர்க்கலாம்.

கோழி வளர்க்கிறவர்களுக்கு

இங்கேதான் அதிகம் சறுக்குகிறது. நேற்று வரை மேய்ந்த கோழி இன்று காலை பஞ்சாரத்தில் செத்துக் கிடப்பது, கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, முகம் வீங்குவது, காலில் ரத்தத் திட்டு, முட்டை சட்டென நின்றுபோவது, ஓடு இறுகாத தோல்முட்டை இடுவது ஆகியவை அடையாளங்கள். வெள்ளைக்கழிச்சலிலும் இவற்றில் சில வரும் என்பதால் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். வாத்தை நம்பவே கூடாது. நோயைச் சுமந்துகொண்டு ஒன்றுமே நடக்காததுபோல் நீந்தும். மேய்ச்சல் வாத்துக் கூட்டம் வயலில் இறங்கியிருந்தால் உங்கள் கோழிகளை அடைத்து வையுங்கள். தீவனமும் தண்ணீரும் காட்டுப்பறவை தொடாத இடத்தில் இருக்கட்டும்.

இரண்டு மூன்று கோழிகள் திடீரெனச் செத்தால் கால்நடை உதவி எண் 1962-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். மருத்துவர் வரும்வரை புதைக்க வேண்டாம். சொன்னால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களே என்று இரவோடு இரவாக மீதிக் கோழிகளை மாமியார் வீட்டுக்கு அனுப்புவதுதான் நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் வழி. பணக் கணக்கிலும் அது நஷ்டம். இழப்பீடு அரசு அழிக்கும் பறவைகளுக்குத்தான், அதற்கு முன்பே செத்தவற்றுக்கு இல்லை. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் கையிலிருந்து போகிறது. சாகிற நிலையில் இருக்கும் கோழியை அவசரமாக அறுத்துத் தின்பதும், பாதி விலைக்கு விற்பதும் அதைவிட மோசம்.

கூட்டைச் சுத்தம் செய்ய வரிசை முக்கியம். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டினால் தூசி நேராக மூக்குக்கு வரும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, அள்ளி, சோப்புநீரால் தேய்த்துக் கழுவுங்கள். அதன்பிறகே பிளீச்சிங் பவுடர். எச்சம் மிச்சமிருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும். 30 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் என்றால் 10 லிட்டர் நீருக்கு 150 கிராம்; ஏறக்குறைய 0.5 சதவீதக் கரைசல் கிடைக்கும். ஊற்றிப் பத்து நிமிடமாவது ஈரமாக விடுங்கள். வாசனையே இல்லாத பழைய பவுடர் வெறும் சுண்ணாம்புக்குச் சமம். கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். கண்ணாடியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். எச்சத்தில் இந்த வைரஸ் 37 டிகிரியில் 6 நாள், 4 டிகிரியில் 35 நாள் வரை உயிரோடு இருந்திருக்கிறது. எனவே மார்கழிக் குளிரில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

செத்த காக்கை, கொக்கு கண்ணில் பட்டால் குழந்தைகளையும் நாயையும் பூனையையும் விலக்கிவிட்டு, உள்ளாட்சி அலுவலகத்துக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்தால்

பறவையைத் தொட்ட பத்து நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: "செத்த கோழியைக் கையாண்டேன்." அதைச் சொல்லாவிட்டால் சாதாரண வைரல் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மருந்தை, காய்ச்சல் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதிகப் பலன். அதற்காக முன்கூட்டியே வாங்கி அடுக்க வேண்டாம்; மருத்துவர் சொல்லாமல் விழுங்கவும் வேண்டாம். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசி இந்த நோயைத் தடுக்காது. ஆனால் பண்ணையில் வேலை செய்பவர்கள் போட்டுக்கொள்வது நல்லது. ஒரே உடம்பில் இரண்டு ஃப்ளூ வைரஸ்கள் கலந்து புதிதாக ஒன்று உருவாகும் வாய்ப்பை அது குறைக்கும்.

எப்போது உண்மையிலேயே கவலைப்பட வேண்டும்

கோழி செத்த எண்ணிக்கை பெருந்தொற்றுக்கு அளவுகோல் அல்ல. பறவையே தொடாத ஒருவருக்கு, பிறகு அவருக்கு மருந்து கொடுத்த செவிலியருக்கு, பிறகு அந்தச் செவிலியரின் வீட்டாருக்கு என்று மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவுகிறது என உலகச் சுகாதார நிறுவனம் சொன்னால் ஆட்டம் மாறும். அதற்குப் பிறகு கோழியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 2009 பன்றிக் காய்ச்சலின்போது எகிப்து ஏறக்குறைய மூன்று லட்சம் பன்றிகளைக் கொன்றது. நோய் மனிதரால் பரவியது. பன்றிகள் தின்று தீர்த்துவந்த குப்பை கெய்ரோ தெருக்களில் குவிந்ததுதான் மிச்சம்.

அந்தக் கட்டம் வந்தால் தேவைப்படுபவை நமக்குப் பழக்கமானவை: முகக்கவசம், ஜன்னல் திறந்த அறை, காய்ச்சல்காரர் தனியாகப் படுப்பது. வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் இருந்தால் இரண்டு வார மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். சந்தேகம் கேட்கச் சுகாதார உதவி எண் 104.