கடல் மீனுக்கு ஒட்டுண்ணி வந்தால்: முதலில் மூச்சைப் பாருங்கள், அப்புறம் புள்ளியை

நன்னீர் மீன் வளர்த்துப் பழகிவிட்டுக் கடல் மீன் தொட்டிக்கு வருபவர்கள் பலரும் முதலில் அடிவாங்குவது வெள்ளைப்புள்ளியில்தான். கோல்டு ஃபிஷ்ஷுக்கு வந்தால் கல் உப்பைப் போட்டு, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டிச் சமாளித்திருப்போம். கடல் மீனோ ஏற்கெனவே உப்புத் தண்ணீரில்தான் கிடக்கிறது. இன்னும் இரண்டு கை உப்பு போட்டு எதையும் விரட்ட முடியாது. புள்ளி ஒன்று போலத் தெரிந்தாலும் ஆள் வேறு: நன்னீரில் வருவது இக்தியோஃப்திரியஸ், கடலில் வருவது கிரிப்டோகேரியான் இர்ரிடன்ஸ். இந்தக் கடல் வெள்ளைப்புள்ளிக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்கிறேன். மற்றவற்றை அடையாளம் காண்பதற்கு வேண்டிய அளவு சொல்கிறேன்.

ஒட்டுண்ணியின் காலண்டர்

கிரிப்டோகேரியான் மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து 3 முதல் 7 நாள் தின்று கொழுக்கும். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். அப்புறம் மீனை விட்டு இறங்கி, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டி, கூடு கட்டிக்கொள்ளும். ஒரே கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் உருவாகி, வெடித்து வெளியே வந்து, ஓரிரு நாளுக்குள் வேறு மீனைத் தேடும். மீன் கிடைக்கவில்லையென்றால் செத்துவிடும்.

புள்ளி மறைந்ததும் 'நோய் போச்சு' என்று மருந்தை நிறுத்துகிறோமே, அன்றைக்கு ஒட்டுண்ணி கீழே இறங்கிப் பெருகிக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் பத்து புள்ளி இருந்த இடத்தில் ஐம்பது வரும். பூண்டுச் சாற்றில் ஊறவைத்த தீவனமும், ஆச்சி சொன்ன மஞ்சள் தண்ணீரும் 'வேலை செய்தது' என்று தோன்றுவதும் இந்த இடைவெளியால்தான்.

படி 1: தொட்டியில் கை வைக்காமல் பாருங்கள்

காலையில் விளக்குப் போடும் முன், அறையை இருட்டாக வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. முதலில் செவுள் மூடி அடிப்பதை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். மீன் நன்றாக இருக்கும் நாளிலேயே இதை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், ஒரு மருந்துப் பெட்டியை விடப் பெரிய உதவி. செவுளில் மட்டும் ஒட்டுண்ணி இருக்கும்போது உடம்பில் ஒரு புள்ளிகூட இருக்காது. மூச்சு மட்டும் ஏறியிருக்கும்.

மூச்சு வாங்கினாலே ஒட்டுண்ணி என்றும் இல்லை. அம்மோனியா ஏறியிருக்கலாம். கத்திரி வெயிலில் தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டு ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றிருக்கலாம். டெஸ்ட் கிட்டையும் தெர்மாமீட்டரையும் பார்த்து இவற்றைக் கழித்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

படி 2: யார் என்று பெயர் சொல்லுங்கள்

உப்புத் தூள் தூவிய மாதிரி, ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள். மீன் கல்லில் உரசுகிறது, ஆனாலும் சாப்பிடுகிறது என்றால் பெரும்பாலும் கிரிப்டோகேரியான். உறுதி செய்ய மொபைலில் தினமும் ஒரே பக்கத்தைப் படம் எடுங்கள். புள்ளிகள் இடம் மாறும். ஒரே இடத்தில் இரண்டு வாரம் அசையாமல் இருக்கும் புள்ளி கிரிப்டோகேரியான் இல்லை. துடுப்பு ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டியாகத் திரண்டிருந்தால் அது லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து ஊற்ற வேண்டியதில்லை, நல்ல தண்ணீரும் தீவனமும் கொடுத்தால் பெரும்பாலும் தானாகப் போகும்.

புள்ளியை எண்ணவே முடியவில்லை, சாய்வு வெளிச்சத்தில் மட்டும் மஞ்சள் கலந்த தூசிப் படலம் மினுங்குகிறது, மீன் சாப்பாட்டை விட்டுவிட்டு பம்ப்பிலிருந்து தண்ணீர் பாயும் இடத்தில் முகத்தைக் கொடுத்து நிற்கிறது என்றால் வெல்வெட். இதைக் கொண்டுவரும் ஒட்டுண்ணியின் பெயர் அமிலூடினியம் ஒசெல்லேட்டம். இதற்கு 'நாளைக்குப் பார்க்கலாம்' கிடையாது. இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்துவிடும்.

கோமாளி மீனின் உடம்பிலிருந்து கோழை கொத்துக் கொத்தாக உரிந்து தொங்கினால் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி. இதுவும் வேகமாகக் கொல்லும், தாமிர மருந்துக்கு அசையாது. இதற்குப் பயன்படும் ஃபார்மலின் புற்றுநோய் வரவழைக்கக்கூடிய ரசாயனம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதைத் தனியாகத் தொட வேண்டாம். மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரையோ அனுபவப்பட்டவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கண் மங்கி, மீன் தலையை உதறிக்கொண்டே இருந்து, உடம்பில் ஒன்றும் தெரியவில்லையென்றால் தட்டைப்புழுவைச் சந்தேகப்படுங்கள். அது கண்ணாடி போலத் தெரியாமல் ஒட்டியிருக்கும். படி 4-இல் வரும் நன்னீர்க் குளியலில் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 3: தனித் தொட்டி

மெயின் தொட்டியில் மருந்து ஊற்றாதீர்கள். தாமிரம் பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும். சுண்ணாம்புக் கல்லும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது.

40 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். மணல் வேண்டாம், கல் வேண்டாம். ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. பைப் துண்டு, ஏர் ஸ்டோன், மேலே குதித்துவிடாமல் வலை மூடி. நம் செட்டிநாட்டு வீடுகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மெயின் தொட்டி வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டில்) இருந்தால் டப்பை அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டுக்குக் கொண்டுபோங்கள். ஏர் ஸ்டோன் தெறிக்கும் துளியிலேயே ஒட்டுண்ணி தாவும், பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். கீழே தடித்த ஷீட் விரியுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் உப்புத் தண்ணீர் ஊறிப் பூத்தால் வீட்டுப் பெரியவர்களிடம் பதில் சொல்லி மாளாது.

இன்னொன்று: வீட்டில் இருக்கிறதே என்று பித்தளை அண்டாவையும் செம்புக் குடத்தையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். உப்புத் தண்ணீர் அவற்றிலிருந்து தாமிரத்தைக் கரைத்து எடுக்கும். அந்தத் தண்ணீர் மெயின் தொட்டிக்குப் போனால் முதலில் சாவது இறால். பிளாஸ்டிக் வாளிதான் பத்திரம்.

படி 4: வைத்தியம்

*வெள்ளைப்புள்ளிக்கு டப் மாற்றும் முறை.* மருந்தே இல்லாத வைத்தியம், ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மீனை விட்டு இறங்கிய ஒட்டுண்ணி கூடு வெடித்துத் திரும்பி வர எப்படியும் மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் மீனை வேறு டப்புக்கு மாற்றிவிட்டால், இறங்கியதெல்லாம் பழைய டப்பிலேயே நின்றுவிடும்.

இரண்டு டப், இரண்டு வலை, இரண்டு ஏர் ஸ்டோன். முதல் நாள் காலையில் மீனை முதல் டப்பில் விடுங்கள். சரியாக 72 மணி நேரத்துக்குள், விடியற்காலையில், இரண்டாவது டப்புக்கு மாற்றுங்கள். இரண்டிலும் தண்ணீரின் சூடும் உப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மீனோடு பழைய தண்ணீர் எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கூடவே எடுத்துப் போனால் கூடும் சேர்ந்து போகும், அதனால் இந்த நாட்களில் ஏர் ஸ்டோன் மட்டும். தீவனத்தை அளந்து போடுங்கள், அம்மோனியாவைத் தினமும் பாருங்கள். காலி செய்த டப், வலை, பைப் எல்லாவற்றையும் கழுவி மொட்டை மாடியில் கவிழ்த்து வையுங்கள். கூடு ஈரமில்லாமல் பிழைக்காது, நம்மூர் வெயில் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவிடும். இப்படி மூன்று நாளுக்கு ஒருமுறை நாலு மாற்றம், மொத்தம் 12 நாள். வீட்டில் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) வைத்திருக்கிற வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு மாற்றம் அரைநாள் தவறினாலும் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கலவை, 40 லிட்டருக்கு 1.4 கிலோ. ஐந்து முறை நிரப்பினால் 7 கிலோ. செலவைப் பார்த்துவிட்டு, 'தொண்டி பக்கம்தானே, கேனில் பிடித்து வந்தால் என்ன' என்று தோன்றும். வேண்டாம். அங்கே கரையோரம் ஆழமில்லாத கலங்கல் தண்ணீர், புது ஒட்டுண்ணியையே கேனில் ஏற்றி வந்தாலும் வரலாம். ஆர்.ஓ. தண்ணீரில் அக்வேரிய உப்பைக் கரைத்து, ஒரு நாள் காற்று ஓட்டி வைத்ததே நல்லது.

*வெல்வெட்டுக்குத் தாமிரம்.* டப் மாற்றும் முறை இதற்குப் பலிக்காது. கடையில் கிடைக்கும் கீலேட் செய்த (தாமிரத்தை வேறொரு பொருளோடு பிணைத்து வைத்த) தாமிர மருந்துகள் பலவற்றுக்கு லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் அளவு. உங்கள் பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சட்டம். அந்த வகைத் தாமிரத்தைக் காட்டும் டெஸ்ட் கிட் கையில் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். அந்த அளவு வந்த நாளிலிருந்து 30 நாள் இறங்காமல் வைத்திருக்க வேண்டும். அம்மோனியா நீக்கும் திரவத்தைத் தாமிரத்தோடு சேர்க்கக் கூடாது, மீனுக்கே விஷமாகிவிடும். உரக்கடை மயில்துத்தமும் தாமிரம்தானே என்று கேட்பீர்கள். அது கீலேட் செய்யாதது, அதனால் அளவு மிகக் குறைவு: 100 லிட்டருக்கு சுமார் 80 மில்லிகிராம். சமையலறைத் தராசில் அதை நிறுக்கவே முடியாது, கை தவறினால் முடிந்தது.

*தட்டைப்புழுவுக்கு நன்னீர்க் குளியல், பிறகு பிரசிகுவான்டெல் என்ற புழு மருந்து.* குளோரின் இல்லாத ஆர்.ஓ. தண்ணீரை வாளியில் எடுத்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆப்பச் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு பி.எச். அளவைத் தொட்டியோடு சமமாக்குங்கள். காற்று ஓட்டிக்கொண்டே மீனை 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். முதலில் சாய்ந்து படுத்தால் பதற வேண்டாம், மூச்சு நின்றுபோகிற மாதிரி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். வாளி கறுப்பாக இருந்தால் நல்லது: வெள்ளையாக மாறிய புழுக்கள் எள் அளவில் அடியில் விழுவது தெளிவாகத் தெரியும். விழுந்தால் டப்பில் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் பிரசிகுவான்டெல். மருந்து முட்டையைத் தொடாது, எனவே 5 முதல் 7 நாளில் இரண்டாவது தடவை. தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் ஸ்டோன் இன்னொன்று சேருங்கள்.

படி 5: மெயின் தொட்டியைப் பட்டினி போடுங்கள்

எல்லா மீனையும் எடுக்க வேண்டும். 'இது ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஒன்றை விட்டால் பட்ட பாடு வீண். கூடு வெடிக்க 72 நாள் வரை ஆனதாகப் பதிவு உண்டு, அதனால் 76 நாள் மீன் இல்லாமல் விடுவது வழக்கம். இறாலும் பவளமும் உள்ளேயே இருக்கலாம், கிரிப்டோகேரியானுக்கு மீன்தான் வேண்டும். அவற்றுக்குச் சிறிது தீவனம் போட்டு வாருங்கள். ஆவியாகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இந்த நாட்களில் சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து புது மீன் பார்சல் வந்தால் அதுவும் முதலில் டப்புக்குத்தான். பையை மிதக்க விட்டுச் சூடு சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். நீண்ட பயணம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலக்க வேண்டாம். பை திறந்ததும் பி.எச். ஏறி, உள்ளிருக்கும் அம்மோனியா கடுமையாகிவிடும். பைத் தண்ணீரின் உப்பை முன்கூட்டிக் கடைக்காரரிடம் கேட்டு, டப்பில் அதே அளவை வைத்திருந்தால் போதும். அப்புறம் அந்த மீனுக்கும் முதல் நாளிலிருந்து 12 நாள் கணக்கு.