பாரிஸ் போகிறவர் பெட்டி கட்டும் முன்

தபால் நிலையத்தில் பார்சல் வாங்கும் மேசையில் 27 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் முதன்முதலாக விமானம் ஏறினேன்; மகள் பாரிஸுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் இருக்கிறாள். மூன்று முறை போய் வந்துவிட்டேன். அதனால் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்கு விசா வந்தாலும் முதலில் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள். மாலையில் காந்தி சிலைப் பக்கம் நடக்கப் போனாலும் இதே பேச்சுதான். சிங்கப்பூர் போய் வந்தவர் ஒரு கதை சொல்வார், துபாயில் பெட்டியைத் தவறவிட்டவர் அதைவிடப் பெரிய கதையாகச் சொல்வார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

விமானத்துக்குள் என்ன நடக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் பார்த்த சிக்கல்களில் முக்கால்வாசி, வீட்டில் பீரோவுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டவை.

முதலில் பெயர். தந்தை பெயர் குப்புசாமி, பிள்ளை பெயர் முருகன் என்றால் நமக்கு அவர் கு. முருகன், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டுக்கு இது போதாது. அங்கே குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். குடும்பப் பெயர் நமக்கு ஏது? சிலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பிறகு டிக்கெட் எடுக்கும்போது கணினி விடாது, எதையாவது நிரப்பச் சொல்லும். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு எஃப்.என்.யூ. என்று போட்டுவிடுவார்கள், முதற்பெயர் தெரியாதவர் என்று பொருள். பெற்றவள் ஆசையாக வைத்த பெயருக்குக் கிடைத்த மரியாதை அது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் அழுகை.

ஆகவே புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ முழுதாக விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். பத்தாண்டுக்கு அந்தப் பெயரோடுதான் வாழ வேண்டும். ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் அதில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து டிக்கெட்டில் போடச் சொல்லுங்கள். என் முதல் பயணத்தில் மருமகன் அன்போடு டிக்கெட் எடுத்து அனுப்பினார், என் தந்தை பெயரை ஒரே எழுத்தாகச் சுருக்கி. கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். முகவரி சரியில்லாத பார்சலை நான் எப்படிப் பார்ப்பேனோ அதே பார்வை. நாற்பது நிமிடம் ஓரமாக நின்றேன்.

இதோடு சேர்த்து இ.சி.ஆர். பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்க்காரர்களுக்கு அது மகாபலிபுரம் போகும் சாலை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இதே மூன்று எழுத்துகள் இருக்கும். வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் முன் அனுமதி வேண்டும் என்பதற்கான குறி அது. சுற்றிப் பார்க்கவோ பிள்ளைகளைப் பார்க்கவோ போகிறவர்கள் அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பிரான்சுக்கான தாள்களில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பிள்ளைகள் வீட்டில் தங்குவதானால் அவர்கள் குடியிருக்கும் ஊரின் மேரியில் வரவேற்புச் சான்று வாங்க வேண்டும். மேரி என்றால் நகராட்சி மன்றம். நம் கடற்கரைச் சாலையில் 2014 மழையில் இடிந்து விழுந்து, பிறகு பழைய சாயலிலேயே கட்டி எழுப்பினார்களே, அந்தக் கட்டடத்துக்கும் அதே பெயர்தான். சான்றுக்கு அங்கே 30 யூரோ கட்டணம். சந்திப்புக்கு நாள் கொடுக்கவே சில ஊர்களில் வாரக்கணக்கில் ஆகும். அசல் தாள் உங்கள் கைக்கு வர வேண்டும், கைபேசியில் எடுத்த படம் உதவாது. எனவே விசாவுக்கு நாள் குறிக்கும் முன்பே அதைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். இதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். விசாக் கட்டணம் 90 யூரோ. 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. அந்த 90 நாளில் போன நாளும் திரும்பும் நாளும் சேர்த்திதான்.

சரி, பெட்டி. இது என் துறை.

டிக்கெட்டில் 23 கிலோ என்று இருந்தால் 22 கிலோவுக்குக் கட்டுங்கள். தராசுக்குத் தராசு வித்தியாசம் உண்டு, 27 ஆண்டு பார்த்தவள் சொல்கிறேன். வீட்டில் ஆள் நிற்கும் எடைப்பொறி இருந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, வெறுங்கையோடு ஒரு முறை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். வெறும் பெட்டியே நான்கு கிலோ இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கையில் கொண்டுபோகும் பைக்கு 7 கிலோதான் பல நிறுவனங்களில். கணவன் மனைவி இருவர் போனால் ஒருவர் உடுப்பில் இரண்டு செட்டை மற்றவர் பெட்டியில் வையுங்கள். ஒரு பெட்டி வராவிட்டாலும் மாற்றிக்கொள்ளத் துணி இருக்கும்.

முந்தைய பயணத்தில் ஒட்டிய சீட்டுகளையெல்லாம் சுரண்டி எடுத்துவிடுங்கள். பழைய பட்டைக் கோட்டை இயந்திரம் படித்தால் பெட்டி வேறு ஊருக்குப் போகும். வெளியே முகவரி எழுதினால் போதாது, பெட்டிக்கு உள்ளேயும் ஒரு தாளில் எழுதி மேலாக வைக்க வேண்டும். வெளிச்சீட்டு கிழிந்த பார்சல்களில் உள்ளே முகவரி இருந்தவை மட்டுமே எங்கள் அலுவலகத்தில் ஊர் போய்ச் சேரும். போகும்போது மகள் வீட்டு முகவரி, திரும்பும்போது நம் வீட்டு முகவரி. துபாயில் பெட்டியைத் தவறவிட்டவர் இரண்டு வழிக்கும் முத்தியால்பேட்டை முகவரியையே வைத்திருந்தார். அவர் பாரிஸில் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, ஸ்வெட்டர்கள் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தன.

சாப்பாட்டுப் பொருளில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியும் பாலில் செய்த பொருளும் கொண்டுபோகக் கூடாது. பால்கோவா, நெய் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்து பழங்களுக்குத்தான் அந்தச் சான்று தேவையில்லை. ஆனால் மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி! என் வீட்டுக்காரர் இதைப் படித்த நாள் முதல் கருவாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். சட்டம் விடும், பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவர் விடமாட்டார் என்று சொல்லி நிறுத்தினேன். தேங்காயை அங்கே விடுகிறார்கள் என்பதற்காகக் கொப்பரையை வைத்துவிடாதீர்கள். எண்ணெய்ச் சத்தால் எளிதில் தீப்பிடிக்கும் என்று அதை இங்கேயே எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலையைப் பொடியாக்கிக்கொள்ளுங்கள். பச்சையாகவே வேண்டுமென்றால் பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷபெல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகள் இருக்கின்றன. முருங்கைக்காய் முதல் கிடைக்கும், விலையைக் கேட்டால்தான் மயக்கம் வரும்.

ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும், மிளகாய்ப்பொடியும் அப்படியே. பெரிய பெட்டியில் வைக்கலாம், ஆனால் ஜாடியை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. வானத்தில் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ எட்டாயிரம் அடி மலையில் இருப்பது போலக் குறைந்துவிடும். ஜாடிக்குள் அடைபட்ட காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். மூடியின் கீழ் ஒரு பிளாஸ்டிக் தாள், மேலே இரண்டு உறை, பிறகு பழைய கைலியில் சுற்றல்.

மாத்திரைகள், மருத்துவரின் சீட்டு, பவர் பேங்க், பாஸ்போர்ட், நகை ஆகியவை கைப்பையில் மட்டும். பவர் பேங்க் பெரிய பெட்டியில் இருந்தால் பெட்டியைத் திறக்கக் கூப்பிடுவார்கள். திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள். பெரிய புட்டியில் பாதி எண்ணெய்தான் இருக்கிறது என்ற வாதம் எடுபடாது. நிறைய நகை அணிந்து போகிறவர்கள் கிளம்பும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பி வரும்போது அது அங்கே வாங்கியது இல்லை என்று வாதாட வேண்டியிராது. நம் ரூபாய் நோட்டு 25,000 வரைதான் கொண்டுபோகலாம்.

இனி தேதி. தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போகும் விமானங்கள் பல விடியற்காலையில் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 14ஆம் தேதி 3.50 என்று இருந்தால் நீங்கள் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டியது 13ஆம் தேதி இரவு. எங்கள் எதிர்வீட்டார் 14ஆம் தேதி இரவு மாலை மரியாதையோடு, குடும்பமே வேன் வைத்துப் போய் இறங்கினார்கள். விமானம் முந்தின இரவே போய்விட்டிருந்தது. பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்திலிருந்து நாள் கணக்கு, விமானக்காரர்களுக்கு நள்ளிரவிலிருந்து.

லாஸ்பேட்டையில் நமக்கும் விமான நிலையம் உண்டு, வெளிநாட்டுக்கு அங்கிருந்து எதுவும் கிடையாது. மீனம்பாக்கம் திண்டிவனம் வழியில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் போகலாம், ஆனால் பரனூர் சுங்கச்சாவடியில் பொங்கல், தீபாவளிக் கூட்டம் நின்றால் கணக்கு தப்பும். ஞாயிறு மாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வேண்டவே வேண்டாம். இங்கே விடுமுறை கழித்த சென்னைக்காரர்கள் மொத்தமும் அதில்தான் திரும்புகிறார்கள். 3.50 விமானத்துக்கு நான் இரவு எட்டு மணிக்குக் கிளம்புவேன். கவுண்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் தாம்பரம் போய் அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம் போகலாம்; பெட்டி ஒன்றுதான் என்றால் மட்டும்.

உள்ளே போனதும் கவுண்டர், குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை என்று வரிசையாக இருக்கும். முன்னால் போகிறவரைப் பார்த்துச் செய்தால் போதும். மூட்டு வலி உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். என் வீட்டுக்காரர் கௌரவம் பார்த்து மறுத்துவிட்டார். தோஹாவில் விமானம் மாறும்போது வாயிலுக்கு வாயில் நடந்து, கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னைக் குற்றம் சொன்னார்.

சைவர்கள் சாப்பாட்டை ஒரு நாள் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் ‘இந்து உணவு’ என்று ஒன்று இருக்கும். அது சைவம் என்று எண்ணிவிடாதீர்கள், கோழியும் ஆடும் வரும். ‘ஆசிய சைவம்’ என்பதுதான் நமக்கானது. இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். உள்ளே காற்று மிக வறண்டது, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வசதியாக நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள். சன்னல் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இருட்டைத்தான்.

பாரிஸில் இறங்கியதும் புது முறைப்படி கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். அதிகாரியிடம் எதைச் சொல்வதற்கும் முன்னால் ‘போன்ழூர்’ சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் கேள்விக்குப் பதில் சொன்னால் முகம் இறுகிவிடுகிறது. சொன்னால் பாதி வேலை முடிந்தது. பிறகு மேரி சான்று, திரும்பும் டிக்கெட், காப்பீடு ஆகிய மூன்றையும் நீட்டுங்கள்.

அங்கே குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், கோடையில் மூன்றரை. முதல் நான்கு நாள் விடியற்காலை இரண்டு மணிக்கே விழிப்பு வரும். மகள் வீட்டில் அந்த நேரத்தில் மிக்ஸி போடக் கூடாது என்பதைத் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

திரும்பி வரும் நாளுக்குக் கார்க்காரரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அவரிடம் தேதியை மட்டும் சொல்லாதீர்கள். ‘ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், விடிந்தால் திங்கள்’ என்று சொல்லி, அதையே அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். போன முறை நான் அப்படிச் செய்யவில்லை. இரண்டு பெட்டிகள், ஒரு கௌரவக்காரர் ஆகியோரோடு திரிசூலத்தில் காலை ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தேன்.